கழுத்தில் கொஞ்சம் கரி இருக்கட்டும்

கல்யாண மண்டபங்களில் எனக்கு நெடுநாளாக ஒரு தொல்லை இருந்தது. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா எங்கை வேலை?" என்று கேட்பார். ஒஸ்லோவில் எங்கள் ஆட்களிடம் இந்தக் கேள்விக்கு நாலைந்து பதில்கள்தான் உண்டு. முதியோர் இல்லம், சிறுவர் பள்ளி, பஸ், உணவகச் சமையலறை. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு வைத்தியமும் கணினியும். நான் "துவக்குக் கடையிலை" என்பேன், துப்பாக்கி விற்கிற கடை. வாய்க்குப் போய்க்கொண்டிருந்த வடை பாதி வழியில் நின்றுவிடும்.

நான் இருக்கும் வெஸ்ட்லிப் பகுதியில் எனக்கு மேல்மாடியில் குடியிருக்கும் ரேவதி கோயம்புத்தூர்க்காரி. கணவருக்கு இங்கே கணினி வேலை. அவள் விடாமல் துருவித் துருவிக் கேட்பாள்.

"கடையில என்ன பண்ணுவீங்கக்கா?"

"கோதுகளைத் துப்புரவாக்கி அளவுக்குக் கொண்டு வாறது."

"கோதுன்னா?"

"சுட்டாப் பிறகு மிஞ்சிற வெறுங்கூடு. முட்டைக்கோது மாதிரி, ஆனா பித்தளை."

"காலித் தோட்டாவா? அதைக் கழுவவா சம்பளம் தர்றாங்க?"

"கழுவ மட்டுமில்லை, கழுத்தும் பிடிச்சு விடவேணும்" என்றேன். அன்றிலிருந்து ரேவதி தன் சிநேகிதிகளிடம் என்னை "தோட்டாவுக்கு மசாஜ் பண்ற அக்கா" என்று அறிமுகப்படுத்துகிறாள். முழுப் பொய் என்று சொல்லவும் முடியாது.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். என் மேசை இருந்த இடத்தில் ஒரு மின்சார இயந்திரம் நிற்கிறது. அதை ஓட்டும் இரண்டு இளசுகள் என் பிரியாவிடைக் கேக்கைத் தின்றபடி, "இதையெல்லாம் கையால் எப்படிச் செய்தாய்?" என்று கேட்டார்கள். "மெதுவாக" என்றேன். நோர்வேஜிய மொழியில் அதற்கு மேல் விளக்க எனக்குப் பொறுமை இல்லை. தமிழில் எழுத நேரம் கிடக்கிறது.

முதலில் விளங்கப்படுத்திவிடுகிறேன். ஒரு தோட்டாவில் நாலு பொருள் உண்டு. பித்தளைக் கோது, அதன் அடியில் தீப்பொறி தரும் குட்டிப் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய சன்னம் என்கிற குண்டு. சுட்டதும் சன்னமும் மருந்தும் போய்விடும், செத்த பிரைமரோடு கோது மிஞ்சும். காட்டெருதுக்கு நிகரான அந்தப் பெரிய எல்க் மானைச் சுடப் போகிறவருக்குக் கடையில் விற்கிற தோட்டாவே போதும். முந்நூறு மீற்றருக்கு அப்பால் உள்ள தாளின் நடுப்புள்ளியைத் தேடுகிற போட்டிக்காரருக்கு அது போதாது. ஒரு சூடு போலவே மற்றச் சூடும் இருக்க வேண்டும். அதனால் தங்கள் துவக்கில் சுட்ட கோதுகளையே திரும்பத் திரும்ப நிரப்பிச் சுடுவார்கள். நிரப்புவது அவர்கள் பாடு. நிரப்புமுன் கோதை ஒரே சீராக்கிக் கொடுப்பதுதான் என் பாடு. இத்தனைக்கும் வாழ்நாளில் நான் ஒரு வெடிகூடச் சுட்டதில்லை.

வடக்கே மீன் தொழிற்சாலையில் விரல்கள் விறைத்து, பிறகு ஒஸ்லோ வந்து, அந்தக் கடைக்கு நான் போனது துப்புரவு வேலைக்கு. பின்னறையில் ஆள் தேவைப்பட்டது. பின்னறைப் பொறுப்பாளர் ஊட்வார் கேட்டார், நான் ஓம் என்றேன். என் தொழில் வரலாறு அவ்வளவுதான்.

முதல் நாள் அவர் ஒரு வாளி கோதுகளை மரமேசையில் கவிழ்த்தார். அந்தச் சத்தத்துக்கு நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் அதே சத்தத்தைத் தெருவில் கேட்டவள் நான். முகம் வெளுத்திருக்க வேண்டும். ஊட்வார் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. வெளியே போய் ஒரு தடித்த துவாயைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். அதன் பிறகு அந்த அறையில் ஒரு கோதுகூட வெறும் மேசையில் கொட்டப்பட்டதில்லை. அந்தத் துவாயைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் கதைத்ததும் இல்லை.

ஊட்வார் நல்ல மனிதர். ஆனால் வாயில் பூட்டுப் போட்டவர். நான் முடித்து வைத்த தட்டில் இருந்து பார்க்காமலே ஒன்றை எடுப்பார். ஜன்னலடிக்குப் போய் விரல்களுக்குள் உருட்டுவார். வாய் மேலே பார்க்கத் திருப்பி வைத்தால் சரி. வாய் குப்புற வைத்தால் முழுத் தட்டையும் முதலில் இருந்து செய்ய வேண்டும். ஒன்று பிழை என்றால் ஏன் எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று ஒருநாள் சண்டைக்குப் போனேன். "பிழையானது எது என்று துவக்குக்குத் தெரியாதே" என்றார். அந்த வருடம் அவர் பேசிய நீளமான வசனம் அதுவாகத்தான் இருக்கும்.

வேலை இப்படித்தான் போகும். அடியில் கிடக்கும் செத்த பிரைமரை ஊசியால் தள்ளி வெளியே எடுத்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் துளி சோப்பு விட்டு அலச வேண்டும். அழுக்குப் போனால் போதும், மினுங்கத் தேவையில்லை. சன்னம் செருகும் கழுத்துக்குள் பிடித்திருக்கும் மெல்லிய கரியைச் சுரண்டவே கூடாது என்பது ஊட்வாரின் சட்டம். சன்னம் வழுக்கிக்கொண்டு வெளியேற அந்தக் கரிதான் துணை. அதை எடுத்துவிட்டால் பித்தளை சன்னத்தைக் கண்டபடி பிடித்துக்கொள்ளும், ஒன்றில் இறுக்கமாக, இன்னொன்றில் இளக்கமாக.

பிறகு நுனி வளைத்த கம்பியைக் கோதுக்குள் விட்டு உட்சுவரில் மேலும் கீழும் இழுப்பேன். அடிப்பக்கத்தில் கம்பி எங்காவது தடக்கினால் அங்கே வெடிப்புத் தொடங்கிவிட்டது, கோது குப்பைக்கு. இது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். தப்பியதை ஒரு பொட்டு மெழுகு பூசி அச்சில் அமுக்கினால், சுடும்போது வீங்கிய உடம்பு பழைய அளவுக்கு வரும். மெழுகு கூடினால் கழுத்துக்குக் கீழே சரியும் தோளில் பள்ளம் விழும், குறைந்தால் கோது அச்சுக்குள் இறுகிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். நீண்டு போன வாயைச் சீவி, பிசிறை உள்ளும் புறமும் தட்ட வேண்டும்.

எனக்குப் பிடித்தது கழுத்தை இளக்குவது. பலமுறை அமுங்கிய பித்தளை கிழட்டுக் கோபக்காரனைப் போல விறைத்துப் போகும். விளக்கை மங்கவைத்து, கழுத்தைச் சின்னச் சுவாலையில் பிடித்து உருட்டுவேன். நிறம் மாறப் போகிறது என்று தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும். மாறிய பிறகு எடுத்தால் கழுத்து ரொட்டி மா போலக் குழைந்துவிடும். அடிப்பக்கம் சூடாகவே கூடாது, அங்கே உறுதி போனால் சுடுகிறவரின் முகத்துக்கே ஆபத்து. இந்த வேலையின்போது யாராவது கதை கொடுத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

இனி ஆரணியின் கதைக்கு வருகிறேன்.

ஆரணி இங்கே ஒஸ்லோவின் அம்மருட்டில் வளர்ந்த பிள்ளை, பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிச் சிநேகிதியோடு துவக்குச் சுடும் கழகத்துக்குப் போனவள் அங்கேயே ஒட்டிக்கொண்டாள். தாய் சரி என்றுவிட்டாள். தகப்பன் சிவநேசன் பஸ் ஓட்டுகிறவர், அவருக்குத்தான் அது தொண்டையில் சிக்கிய முள். ஏசவும் இல்லை, மறிக்கவும் இல்லை. அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார். துவக்கு வைத்திருந்த இரும்பு அலுமாரி அறைக்குள் அவர் காலே வைப்பதில்லை என்று ஆரணி சொல்லியிருக்கிறாள்.

அந்தக் கோடையில் நாட்டுப் போட்டிக்குப் போகும் அணியில் ஓர் இடம் மிச்சமிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தெரிவுப் போட்டி. அதற்கு முந்திய திங்கட்கிழமை ஆரணி கடைக்கு வந்து, சுட்ட தாளொன்றை என் மேசையில் விரித்தாள்.

"அன்ரி, எல்லாம் சிதறுது. போன கிழமை வரைக்கும் நல்லாச் சுட்டனான். த்ரேனர் பதற்றம் எண்டு சொல்லுறார். நான் லாகிலையிருந்து விலகப்போறன்."

லாக் என்றால் அணி, த்ரேனர் என்றால் பயிற்சியாளர்.

"ஒரு தாளுக்காக விலகிறதோ?"

"ஞாயிறும் இப்பிடிச் சுட்டனெண்டா, அப்பா இவ்வளவு நாளும் நினைச்சதுதான் சரி எண்டு போயிடும் அன்ரி. அதைவிட விலகிறது மேல்."

தாளைப் பார்த்தேன். முன்பெல்லாம் அவளுடைய சூடுகள் ஒரு தேநீர்த் தட்டுக்குள் அடங்கிக் கிடக்கும். இப்போது ஏணி சாத்தியதுபோல மேலும் கீழுமாக நீண்டிருந்தன. பதற்றத்தில் விரல் இழுத்தாலோ காற்று தள்ளினாலோ இடமும் வலமும் போகும். இது அப்படி இல்லை. ஒவ்வொரு சன்னமும் ஒவ்வொரு வேகத்தில் போயிருக்கிறது. குற்றம் பிள்ளையில் இல்லை, கோதில்.

"கோதுகளைக் காட்டும் பாப்பம்."

பெட்டியைத் திறந்தாள். கோயில் கலசம் மாதிரி மினுங்கின. முந்திய வெள்ளிக்கிழமை நான் செய்து கொடுத்தவை மங்கிய தேன்நிறத்தில் இருந்தன. நான் வாய் திறக்குமுன் ஊட்வார் பின்னால் வந்து ஒன்றை எடுத்தார். ஜன்னலடிக்குப் போனார். உருட்டினார். திரும்பி வந்து வாய் குப்புற வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "இது என் கை வேலை இல்லை" என்றேன்.

"அப்படியானால் யாருடையது?" என்றார்.

"கடையிலை புதுசா ஏதும் மெஷின் வாங்கி, அதிலை கழுவினதெண்டு நினைச்சன்" என்றாள் ஆரணி. கோதுப் பை வீட்டில் கிடந்தது, சனிக்கிழமை எடுத்துப் பார்த்தபோது இப்படித்தான் இருந்தது, கொஞ்சத்தை அப்படியே நிரப்பிச் சுட்டேன், பெட்டியில் இருப்பவை மிச்சம் என்றாள்.

கோதொன்றைக் கையில் எடுத்தேன். மினுக்கத்துக்கு அடியில் மெல்லிய ரோஜா நிறம் ஓடியது. அதை எனக்கு நன்றாகத் தெரியும். குத்துவிளக்கைப் புளிக்கரைசலில் போட்டுவிட்டுத் தொலைபேசியில் ஊர்வம்பு அளந்து நேரம் போவது தெரியாமல் நின்ற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். கழுத்துக்குள் சின்ன விரலின் நுனியை வைத்துத் திருப்பினேன். கழுவிய பீங்கான்போலக் கிறீச்சிட்டது. கரி துளியும் இல்லை.

"ஆரணி, உங்கடை வீட்டிலை விளக்கு மினுக்கிறது ஆர்?"

"அப்பா. வெள்ளிக்கிழமையிலை. அம்மாவுக்கு வேலை எல்லோ." சொல்லிவிட்டு நின்றாள். என்னையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தாள். போட்டியைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "அவர் உதைக் கையிலை எடுத்தவரோ?" என்று மட்டும் கேட்டாள். கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

மறுநாள் சிவநேசனுக்குத் தொலைபேசி எடுத்தேன். கோயிலில் கண்டு தலையாட்டுகிற பழக்கம் உண்டு. ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையில் பஸ் சீருடையோடு வந்தார், ஆனால் கடைக்குள் வரவில்லை. கண்ணாடிக்குள் அடுக்கியிருந்த துவக்குகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடைபாதையில் நின்றார். நான்தான் வெளியே போனேன்.

"ஓம் அக்கா, நான்தான் மினுக்கினனான்" என்றார், நான் கேட்க முன்னமே. "விளக்குக்குப் புளி கரைச்சு வைச்சிருந்தனான். மேசையிலை பை கிடந்தது. பிள்ளை தாயிட்டை, இதுதான் பெரிய போட்டி எண்டு சொன்னது காதிலை விழுந்தது. பள்ளிக்கூடம் போகேக்கை சப்பாத்து மினுக்கிக் குடுத்தனான். இதுக்கு நான் ஒரு துரும்பும் எடுத்துப் போடேல்லை. சரி, இதையாவது செய்வமெண்டு…"

"உமக்கு உதுகளைக் கண்டா ஏலாதெண்டு பிள்ளை சொன்னவள்."

"சண்டைக்குப் பிறகு வீட்டை திரும்பிப் போகேக்கை முற்றம் நிறைய உதுதான் அக்கா. அதுக்குள்ளைதான் தம்பியின்ரை உடம்பை எடுத்தனாங்கள்." தன் விரல்களைப் பார்த்தார். "ஒவ்வொண்டாய்த்தான் எடுத்துத் தேய்ச்சனான். முதல் நாலைஞ்சையும் கண்ணை மூடிக்கொண்டுதான் தேய்ச்சனான். பிறகு பரவாயில்லை. வடிவா வந்தது, என்ன?"

இந்த மனிதருக்கு உண்மையை எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. "வடிவாத்தான் வந்தது தம்பி. ஆனா அந்த வடிவுதான் பிள்ளையின்ரை சூட்டைக் கெடுக்குது" என்று கரி விஷயத்தை விளங்கப்படுத்தினேன். பஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கெடுத்துப்போட்டன், என்ன? திருத்தேலுமோ?"

"பொறுப்பாளரைக் கேக்கவேணும்."

"பிள்ளைக்குத் தெரியுமோ?"

"தெரியும். கோவிக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமை உம்மை வரச்சொல்லிச் சொன்னவள்."

அப்படி ஒன்றும் அவள் சொல்லவில்லை. அது நானாகச் சேர்த்தது. நாள் முழுதும் பித்தளையை மட்டும் நிமிர்த்திக்கொண்டு இருக்க முடியுமா?

உள்ளே ஊட்வார் ஒரு கோதை நெடுக்காக அறுத்து, பூதக்கண்ணாடியில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன அமிலம்?" என்று கேட்டார்.

"புளி. எங்கள் மீன் குழம்புக்குப் போடுவது."

அறுத்த கோதை மேசையில் வைத்தார். "மீனுக்கு நல்லதா?"

"மிகவும் நல்லது."

"அப்படியென்றால் மீனுக்கே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அவர் பகிடி விட்டதை நான் கண்டது அன்றுதான்.

புளிச் சட்டியின் அடியில் கூடநேரம் ஊறிச் சிவந்து போனவற்றை அவர் இரக்கமில்லாமல் குப்பைக்குத் தள்ளினார். பித்தளைக்குள் இருக்கும் துத்தநாகத்தைப் புளி தின்றுவிட்டால் உறுதியை நம்ப முடியாது. மேலாக மினுங்கியவை மட்டும் தப்பின. புதுக்கோது வாங்கலாமே என்று கேட்பீர்கள். இவை அவள் துவக்கிலேயே சுட்டு அதன் தோட்டா அறைக்கு அளவாக வளர்ந்தவை, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. புதுசு அந்த அளவுக்கு வர முதலே ஞாயிறு வந்துவிடும்.

கழுத்துகளைத் திரும்ப இளக்கினேன். அச்சில் அமுக்கினேன். போன கரிக்குப் பதிலாக, பென்சில் கூருக்குள் இருக்கிற அதே கரியத்தின் நுண்தூளில் ஒவ்வொரு கழுத்தையும் முக்கித் துடைத்தேன். ஊட்வார் எதிரில் இருந்து சன்னமொன்றைச் செருகிச் செருகிப் பார்த்தார். ஒரே பிடி வரும்வரை விடவில்லை. கடைசியில் தட்டில் இருந்து ஒன்றை எடுத்து ஜன்னலடிக்குப் போனார். இத்தனை காலம் கழித்தும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய் மேலே பார்க்க வைத்தார்.

மிஞ்சியவை போட்டிக்கு மட்டுமட்டாகப் போதும். சுட்டுப் பார்க்கக் கோதும் இல்லை, நேரமும் இல்லை. எடுக்க வந்த ஆரணியிடம் அதைச் சொன்னேன். "பரவாயில்லை அன்ரி" என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "மினுக்கினதிலை ஒண்டை அப்பிடியே தருவீங்களோ?" என்று கேட்டாள். ஊட்வாரிடம் காட்டி, உறுதியானது என்று அவர் தலையாட்டிய ஒன்றைக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நகருக்கு வெளியே காட்டோரம் இருந்த சுடுதளத்துக்கு நானும் போனேன். சிவநேசன் வாகனத் தரிப்பிடத்திலேயே நின்றார். அங்கிருந்தே பார்க்கிறேன் என்றார். அங்கிருந்து மரம்தான் தெரியும் என்று சொல்லி, காதுக்கவசத்தை அவர் தலையில் மாட்டிக் கூட்டிப் போனேன். முதல் வெடிக்குத் தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. ஆனால் மனிதர் நின்றார்.

கணக்கில் சேராத சோதனைச் சூடுகள்தான் முதலில். ஆரணி படுத்தபடி திரும்பி, தகப்பன் வந்திருப்பதைக் கண்டாள். பெட்டியில் இருந்து அந்த மினுக்கின ஒன்றை எடுத்து அவர் பக்கம் உயர்த்திக் காட்டினாள். உள்ளே போட்டாள். சுட்டாள். தொலைநோக்கியில் பார்த்தேன். எட்டு, மேற்பக்கம்.

"அது என்ரையோ?" என்றார் சிவநேசன்.

"உம்மடைதான். எட்டு."

"பத்துக்கு எட்டோ? பரவாயில்லையே."

அடுத்தது என் கோது. பத்து. அதற்கடுத்ததும் பத்து. ஆரணி முகத்தைத் துவக்கோடு சேர்த்துக் கொண்டாள். அதன் பிறகு எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. போட்டிச் சூடுகள் போகப் போக, தாளில் அந்தத் தேநீர்த் தட்டு திரும்பக் கூடி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசி இடத்துக்கு நின்ற மற்றப் பையனும் நன்றாகத்தான் சுட்டான். ஒரேயொரு புள்ளி வித்தியாசத்தில் ஆரணியின் பெயரை வாசித்தார்கள். நான் கையைத் தட்டித் தட்டிக் கொஞ்சம் அழுதேன். வெட்கம் என்ன?

கழகத்துக்காரர் ஆரணியைத் தோளில் தட்டிக்கொண்டு கோப்பிக்கும் வாஃபலுக்கும் கூட்டிப் போனார்கள். சிவநேசனைக் காணவில்லை. தேடிக்கொண்டு வந்தால், மகள் படுத்துச் சுட்ட விரிப்புக்குப் பக்கத்தில் சீருடைக் காற்சட்டையோடு முழங்காலில் இருந்தார். புல்லுக்குள் தெறித்துக் கிடந்த அவள் கோதுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சட்டைப்பையில் இருந்து எடுத்து விரித்த கைலேஞ்சியில் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணை மூடவில்லை.

என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"அக்கா, இதுகளை நான் வீட்டிலை வெறுந்தண்ணியிலை கழுவலாமோ?"

"கழுவலாம் தம்பி" என்று சொல்லிவிட்டு, மற்றப் பக்கத்துப் புல்லுக்குள் நானும் தேடத் தொடங்கினேன்.